தேரை அளந்து லொறி வாங்கிய கதை

புது லொறி எட்டாம் நம்பர் வளைவில் குறுக்கே நின்றது. அதன் மூக்கு மேல்பக்கத்துத் தேயிலைச் செடிகளுக்குள் நுழைந்திருந்தது. பின்சக்கரம் ஒன்று மதகின் விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே ஓடை. முன்கண்ணாடிக்கு மேல் நான் என் கையாலேயே கட்டிய செவ்வந்தி மாலை காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. காலையில் சக்கரத்துக்கு அடியில் வைத்து நசுக்கிய எலுமிச்சம்பழத்தின் வாசம்கூட டயரை விட்டுப் போகவில்லை.

நான் வெள்ளை வேட்டியும் சந்தனப் பொட்டுமாக லொறிக்கு முன்னால் நின்று, அதைக் கையால் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏன் தள்ளினேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் கூடையை இறக்காமலேயே வேடிக்கை பார்த்தார்கள். ஒருத்தி மட்டும் இறங்கி வந்து மிகவும் மரியாதையாகக் கேட்டாள்.

"தலைவரே, இங்கதான் நிப்பாட்டுறீங்களா? வீட்டுக்குப் போயி தட்டு கொண்டாரட்டுங்களா?"

அவள் கேலி செய்யவில்லை. எங்கள் தோட்டத்து மாரியம்மன் தேர் வருடா வருடம் நிற்கிற இடம் அது. மாலை போட்ட வண்டி அங்கே வந்து நின்றால் தேங்காய் பழத்தட்டோடு வரவேண்டும் என்பது அவள் அறிந்த வழக்கம். கோயில் தலைவரான நானே பக்கத்தில் நிற்கும்போது அவளுக்குச் சந்தேகம் வர வழியே இல்லை. வேண்டாம் தாயே என்று கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பினேன்.

ஓட்டத் தெரியாத லொறி முதலாளி

சென்ற வாரம் இந்தத் தொடரில் அப்பாவின் முதல் லொறியைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டுக் கேகாலையிலிருந்து ஒரு வாசகி கடிதம் போட்டிருக்கிறார். இத்தனை வருடம் லொறித் தொழில் செய்தவர், ஓரிடத்திலாவது தான் லொறி ஓட்டியதாக எழுதவில்லையே, காரணம் என்ன என்று கேட்கிறார். கூர்மையான பெண்மணி. காரணம் மிக எளிது. எனக்கு லொறி ஓட்டத் தெரியாது.

இளவயதில் ஒரேயொரு தடவை முயன்றேன். காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடுகிற பெரட்டுக் களத்தில் யாரும் இல்லாத மத்தியான நேரம். முன்னால் போவதற்காக எதையோ இழுத்தேன். லொறி பின்னால் போய், தோட்டத்து மனேஜரான தொரையின் பங்களாவுக்குக் கொண்டுபோக வைத்திருந்த பூந்தொட்டிகளில் நாலைந்தை நசுக்கிவிட்டு நின்றது. பக்கத்தில் இருந்தவன் அந்தோனி. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே பெஞ்சில் படித்தவன், அப்போது எங்கள் லொறியில் கிளீனராக இருந்தான். தொரை வந்து கேட்டபோது, நான்தான் ஐயா ஏறினேன் என்று அவனே சொல்லித் திட்டும் வாங்கிக்கொண்டான்.

அன்றிலிருந்து அந்தோனி வலப்பக்க ஆசனத்துக்குப் போனான், நான் இடப்பக்க ஆசனத்துக்குப் போனேன். இடப்பக்க ஆசனத்துக்கு லைசென்ஸ் தேவையில்லை. அபிப்பிராயம் மட்டும் இருந்தால் போதும். அது என்னிடம் எப்போதுமே நிறைய இருந்தது.

அப்பா போன பிறகு நான் முதலாளி ஆனேன். பள்ளிக்கூடத்தில் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டவன், அந்த வாரத்திலிருந்து "மொதலாளி" என்று கூப்பிட ஆரம்பித்தான். வேண்டாம் என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கேட்க நன்றாகவே இருந்தது.

இரண்டு கிழட்டு லொறிகள்

தோட்டங்களைக் கம்பெனிகள் எடுத்து நடத்தத் தொடங்கியிருந்த காலம். என்னிடம் இரண்டு பழைய லொறிகள் இருந்தன. எங்கள் ஸ்டோரில், அதாவது தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில், அரைத்த தேயிலையை ஏற்றிக்கொண்டு புளத்கொகுபிட்டியவைத் தாண்டி, கரவனெல்ல, அவிசாவளை வழியாகக் கொழும்புக் களஞ்சியத்தில் இறக்குவது எங்கள் வேலை. திரும்பும்போது உரமோ கோதுமை மாவோ கிடைத்தால் ஏற்றிவருவோம்.

யுத்தம் நடந்த அந்த நாளில் கொழும்புக்குள் நுழைவது லேசான காரியமில்லை. சோதனைச் சாவடியில் தமிழ்ப் பேரைப் பார்த்ததுமே லொறியை ஓரங்கட்டச் சொல்வார்கள். ஏற்றியதையெல்லாம் இறக்கிக் காட்டு என்பார்கள். அந்தோனியின் சிங்களம் என்னுடையதைவிடச் சுத்தம். அவன் இறங்கிப் போய்ப் பேசுவான், ஏதோ சொல்லிச் சிரிக்கவும் வைப்பான். நான் அடையாள அட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஆசனத்திலேயே உட்கார்ந்திருப்பேன். ஊருக்குத் திரும்பியதும், "பேசிச் சமாளிச்சிட்டோம்ல" என்று கமலாவிடம் சொல்வேன். கமலா என் மனைவி. அந்தச் சொல்லில் நான் எவ்வளவு, அந்தோனி எவ்வளவு என்பது அவளுக்குத் தெரியும்.

அப்படியிருக்கும்போது புதிதாக ஒரு தொரை வந்தார். முப்பது வயது தாண்டாதவர். என்னைக் கூப்பிட்டு நிற்கவைத்தே பேசினார். இனிமேல் ஒரு வாரத்துத் தேயிலை ஒரே நாளில் போகவேண்டும். மழை நனைக்காத, மூடிய பின்பெட்டி வைத்த பெரிய லொறிகள் வேண்டும். குறைந்தது இரண்டு வேண்டும், அதுவும் புதிதாக. முடியாதென்றால் கொழும்புக் கம்பெனியொன்று தயாராக இருக்கிறது என்றார்.

எனக்கு உண்மையிலேயே பயம் வந்தது. அந்த ஒப்பந்தம் போனால் எனக்கு வேறு தொழில் தெரியாது. இரண்டு டிரைவர் வீடு, மூட்டை ஏற்றி இறக்குகிற நாலு பேர் வீடு, என் வீடு எல்லாமே அந்த ஸ்டோர் வாசலை நம்பித்தான் இருந்தன. மூன்று நாள் சோறு இறங்கவில்லை. நாலாம் நாள், புது லொறி வாங்குவதென்று முடிவு செய்தேன். முடிவு செய்ததும் பயம் போய்விட்டது. அதற்குப் பதிலாகப் பெருமை வந்து உட்கார்ந்துகொண்டது. அதுதான் வினை.

கண்ணாடிக்கு வெளியே

கொழும்பில் லொறி விற்கிற இடம் கண்ணாடி மாளிகையாக இருந்தது. நானும் கமலாவின் அண்ணனும் போனோம். மச்சான் தோட்டத்து ஆபீசில் கிளாக்கர். இங்கிலீஷ் பேசுவார், இஸ்திரி போட்ட சட்டை வைத்திருந்தார். லொறியைப் பற்றி அவருக்கு எதுவுமே தெரியாது என்பது எனக்கு ஒரு குறையாகத் தோன்றவில்லை.

எங்களை வேனில் கொண்டுபோனவன் அந்தோனி. இருபது வருடமாக அந்த மலைப்பாதையில் லொறி ஓட்டியவன். வாசலில் இறங்கியதும் அவனும் கூடவே வரப்பார்த்தான். அவன் காலில் ரப்பர் செருப்பு. நான் அவனைப் பார்த்து, "வேன பாத்துக்க அந்தோனி, இங்க களவு ஜாஸ்தி" என்றேன். அவன் நின்றுவிட்டான்.

உள்ளே இரண்டு வகை லொறி இருந்தன. ஒன்று குட்டை. மூக்கு சப்பை, முன்சக்கரமும் பின்சக்கரமும் நெருங்கி நின்றன, பார்வைக்குத் தவளை உட்கார்ந்த மாதிரி இருந்தது. மற்றது நீளம். இருபத்தாறு அடி. நீலநிறம், ஜன்னலுக்குத் திரைச்சீலை, மெத்தை வைத்த ஆசனம், கூரைமேல் இரட்டைக் குழல் ஹோர்ன்.

கழுத்துப்பட்டி கட்டிய விற்பனையாளர் என்னை "சேர்" என்று கூப்பிட்டார். கதவைத் திறந்து, ஏறி உட்கார்ந்து பாருங்கள் என்றார். பூந்தொட்டி நாளுக்குப் பிறகு முதன்முறையாக வலப்பக்க ஆசனத்தில் உட்கார்ந்தேன். ஹோர்னை அழுத்தச் சொன்னார். அழுத்தினேன். மாளிகைக் கண்ணாடியெல்லாம் அதிர்ந்தது. தேநீர் கொண்டுவந்த பெண் தட்டைக் கீழே வைத்துவிட்டாள். என் முடிவும் அந்த இடத்திலேயே உறுதியாகிவிட்டது.

பிறகு மச்சான் எத்தனை மூட்டை பிடிக்கும் என்றெல்லாம் இங்கிலீஷில் கேட்டார். நானும் தாடையைத் தடவிக்கொண்டு யோசிப்பதுபோல் இருந்தேன். உண்மையில் அந்த ஹோர்ன் எங்கள் மலையில் கேட்டால் எத்தனை லயத்து வீடுகளுக்குக் கேட்கும் என்றுதான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

கண்ணாடிக்கு வெளியே அந்தோனி குந்தியிருந்தான். உள்ளே நிற்கிற லொறியின் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே அவன் கண் போய்ப் போய் வந்தது. பாவம், புது டயரைப் பார்த்து ஆசைப்படுகிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

வரும்வழியில், அவிசாவளை தாண்டியதும் அவன் கேட்டான். "அந்த நீளம் எட்டாம் நம்பர்ல திரும்புங்களா மொதலாளி?"

எட்டாம் நம்பர் மலையைச் சுற்றி ஸ்டோருக்கு ஏறுகிற பாதையில், ஒருபக்கம் பெரிய பாறையும் மறுபக்கம் ஓடையுமாக மடங்குகிற வளைவு அது. எங்கள் பழைய லொறிகளே இரண்டாம் கியரில் முனகிக்கொண்டுதான் திரும்பும். அளந்து பார்க்கிறேன் என்று பதில் சொன்னேன். அளந்தும் பார்த்தேன். எதை அளந்தேன் என்பதுதான் விஷயம்.

கமலாவின் தையல் நாடா

எங்கள் தேர் மற்றக் கோயில் தேர்போல மரச்சக்கரத்தில் ஓடுவதல்ல. ருவன்வெல்லப் பக்கத்து மரவியாபாரி ஒருவர், புண்ணியமாகப் போகட்டும் என்று ஒரு நீண்ட பழைய லொறியின் சேசிஸைச் சக்கரத்தோடு கொடுத்தார். அதன்மேல் பலகை அடித்து, மண்டபம் எழுப்பி, அம்மாளை வைத்து, வடம்பிடித்து இழுக்கிறோம். அது எட்டாம் நம்பர் வளைவைத் தாண்டி ஸ்டோர்வரை போய் வருகிறது. எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து பார்க்கிறேன்.

ஆக, என் மூளை இப்படி வேலை செய்தது: தேர் என்பது லொறி. அந்த லொறி அந்த வளைவில் திரும்புகிறது. அதைவிட நீளம் குறைந்த எந்த லொறியும் அங்கே திரும்பத்தான் வேண்டும்.

தேர்க் கொட்டகையைத் திறந்து, கமலாவின் தையல் நாடாவால் துண்டு துண்டாக அளந்தேன். அவள் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தாள். இருபத்தேழு அடி. லொறியைவிடத் தேர் ஓரடி நீளம். எனக்கு வந்த சந்தோசத்தில் அங்கேயே கற்பூரம் கொளுத்திவிட்டேன்.

"தேரு ஆளுங்க இழுக்குறது. லொறிய எஞ்சின் இழுக்குது. ரெண்டும் ஒண்ணாங்க?" என்று கமலா கேட்டாள்.

ஆளே இழுத்துத் திருப்ப முடிகிறதென்றால் எஞ்சினுக்கு என்ன கஷ்டம் என்று அவளுக்கு விளக்கினேன். அவள் நாடாவைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டாள். திருவிழா அன்று அவள் அன்னதானச் சமையலில் நிற்பவள், தேரோடு மலைக்கு வந்ததே இல்லை. அதனால் அது அங்கே எப்படித் திரும்புகிறதென்று அவளுக்கும் தெரியாது.

மறுநாள் காலையில் அந்தோனி பழைய லொறியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவனிடம் வெற்றியோடு சொன்னேன். துடைப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பினான்.

"தேரு திரும்புதுன்னா சொல்றீங்க?"

"வருசா வருசம் திரும்புதே."

"எதுக்கும் கயிறு பிடிச்சு வளைவ ஒருவாட்டி அளந்துருவோமுங்களா?"

அப்போது ஒரு வார்த்தை சொன்னேன். இந்தத் தொடரில் நான் செய்த பல கோமாளித்தனங்களைச் சிரித்துக்கொண்டே எழுதியிருக்கிறேன். இதை எழுதும்போது சிரிப்பு வரவில்லை. "ஓட்டுறது ஒன் வேல. வாங்குறது என் வேல" என்றேன்.

"சரிங்க மொதலாளி" என்றான். மறுபடி துடைக்க ஆரம்பித்தான்.

புது லொறிகளுக்குச் சொல்லிவைத்த பத்தாம் நாள், பழையதில் ஒன்றைத் தனக்கே விலைக்குத் தரும்படி அந்தோனி வந்து கேட்டான். விறகும் செங்கல்லும் ஏற்றிப் பிழைத்துக்கொள்வதாகச் சொன்னான். கழிக்க நினைத்த வண்டிக்கு ஆள் கிடைத்ததே என்று எனக்கு நிம்மதி. இருபது வருட டிரைவர் ஏன் போகிறான் என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை. அவன் முன்கண்ணாடியில் நான் ஒட்டியிருந்த முருகனைக் கிழிக்கவில்லை. பக்கத்தில் ஒரு மாதா படத்தை ஒட்டிக்கொண்டு ஓட்டிப்போனான்.

முன்னால் நடப்பவர்

அந்தத் தேரோடு கூடவே வளர்ந்த எனக்கு அது எப்படித் திரும்புகிறதென்று தெரியாதா என்று நீங்கள் கேட்பீர்கள். கமலாவும் கேட்டாள். நியாயமான கேள்வி.

அப்பா கோயில் தலைவராக இருந்தார். சின்ன வயதிலிருந்தே அவர் கையைப் பிடித்துக்கொண்டு தேருக்கு முன்னால் நடந்தேன். பிறகு நானே தலைவராகி, மாலையும் பரிவட்டமுமாக முன்னால் நடந்தேன். எட்டாம் நம்பர் பாறையைச் சுற்றி நாங்கள் முன்னால் போய், லயத்து வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவோம். அங்கே முதல் மரியாதை, சோடா, மேளம் எல்லாம் நடக்கும். தேர் பாறைக்கு அந்தப் பக்கம் இருபது நிமிடம்போல நிற்கும். பிறகு அசைந்து வரும்.

அந்த இருபது நிமிடத்துக்கு நானே ஒரு விளக்கமும் கண்டுபிடித்து வைத்திருந்தேன். மலையேறி வந்த அம்மாள் அந்த இடத்தில் சற்று இளைப்பாறுகிறாள் என்று வருடா வருடம் மைக்கில் பேசுவேன். ஜனங்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். சிலர் சிரிப்பதையும் பார்த்திருக்கிறேன். பக்தியில் முகம் மலர்கிறது என்று எடுத்துக்கொண்டேன்.

பாதை முடிந்த இடம்

புது லொறிக்குப் புது டிரைவர் வந்தார். சிறிசேன என்று பேர். எம்பிலிப்பிட்டியப் பக்கத்தில் நெல் லொறி ஓட்டியவர், பொறுமைசாலி, நல்ல கைப்பழக்கம். அவர் ஊரில் பாதை வயலுக்கு நடுவே கோடு கிழித்ததுபோல் போகும். மலைப்பாதை அவருக்குப் புதிது. இதையும் நான் விசாரிக்கவில்லை.

முதல் நாள் பூசை போட்டு, ஹோர்ன் அடித்துக்கொண்டே ஏறினோம். லயங்களிலிருந்து பிள்ளைகள் ஓடிவந்து பார்த்தார்கள். நான் இடப்பக்க ஆசனத்திலிருந்து கையசைத்தேன். நடுவில் மச்சான்.

எட்டாம் நம்பரில் சிறிசேன திருப்பினார். பின்னுக்கு எடுத்தார். மறுபடி திருப்பினார். நாலாவது தடவையில் மூக்கு தேயிலைக்குள் போனது, வால் மதகுக்கு வந்தது. அவர் எஞ்சினை நிறுத்தி, இறங்கி, லொறியை ஒருமுறை சுற்றி வந்தார். பாறையை அண்ணாந்து பார்த்தார், ஓடையைக் குனிந்து பார்த்தார். என்னிடம் வந்து அடக்கமாகச் சொன்னார்.

"மாத்தயா, பார இவரய்."

ஐயா, பாதை முடிந்துவிட்டது என்று அர்த்தம். பாதை ஸ்டோர்வரை போகிறதே என்று அவரோடு வாதாட எனக்குத் தைரியம் வரவில்லை. மச்சான், ஆபீசில் அவசர வேலை இருப்பது இப்போதுதான் ஞாபகம் வந்ததாகச் சொல்லிக் குறுக்குப் பாதையில் இறங்கிவிட்டார்.

மேலே ஸ்டோரில் ஒரு வாரத்துத் தேயிலை மூட்டை கட்டிக் கிடந்தது. சாயந்தரத்துக்குள் அது கொழும்புக் களஞ்சியத்துக்குப் போகவேண்டும். போகாவிட்டால் நாளைக்கே கொழும்புக் கம்பெனிக்காரன் வருவான். தொரை அதை ஏற்கெனவே சொல்லிவிட்டார். நான் லொறியைக் கையால் தள்ளியது இந்தக் கட்டத்தில்தான்.

அப்போது கீழேயிருந்து பழக்கமான முனகல் கேட்டது. ஸ்டோருக்கு விறகு ஏற்றிக்கொண்டு என் பழைய லொறி, அதாவது அந்தோனியின் லொறி, இரண்டாம் கியரில் ஏறி வந்தது. வழி அடைத்திருந்ததால் நின்றது. அந்தோனி இறங்கினான். மாலையைப் பார்த்தான், மதகைப் பார்த்தான், என் வேட்டியைப் பார்த்தான். நாலைந்து கல்லைத் தூக்கிவந்து பின்சக்கரத்துக்கு அண்டை கொடுத்தான்.

எனக்குத்தான் வாய் சும்மா இருக்கவில்லை. "அந்தோனி, தேரு இங்க எப்பிடித் திரும்புது?"

"தேரு திரும்பாதுங்க. நாங்க நாப்பது பேரு பின்பக்கத்தத் தூக்கி வைக்கிறோம். மூணு தூக்கு."

"எப்பருந்து?"

"தேரு செஞ்ச நாள்லருந்து."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

அவன் கையிலிருந்த மண்ணைத் தட்டினான். "ஒங்களுக்குத் தெரியாதுன்னு எனக்குத் தெரியாதுங்க. ஒங்க கோயிலு. ஒங்க தேரு. தேரு திரும்புதுன்னு நீங்க சொன்னப்ப, என்னய கேலி பண்றீங்கன்னுதான் நெனச்சேன்."

அந்தோனி கோயிலுக்குள் வந்து திருநீறு பூசுகிறவன் அல்ல. ஞாயிற்றுக்கிழமை கரவனெல்லப் பக்கத்துச் சர்ச்சுக்குப் போகிறவன். அவன் வருடா வருடம் என் தேரைத் தூக்கியிருக்கிறான். நான் பாறைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து சோடா குடித்திருக்கிறேன். அந்த வளைவில் நின்றபடி எனக்கு அப்படியொரு வெட்கம் வந்தது. லொறி ஓடைக்குள் விழுந்திருந்தால்கூட அவ்வளவு வெட்கப்பட்டிருக்கமாட்டேன்.

மூன்று நடை

அந்தோனி தன் லொறியைப் பின்னோக்கி இறக்கி ஓரங்கட்டிவிட்டு வந்து, சிறிசேனவுக்குச் சிங்களத்தில் சொல்லிச் சொல்லிப் புது லொறியையும் பின்னோக்கியே பெரிய ரோட்டுச் சந்திவரை இறக்கவைத்தான். ஒரு மைல். நான் பின்னால் நடந்துகொண்டு கையை ஆட்டி வழி காட்டினேன். இருவரும் ஒருதடவைகூட என் கையைப் பார்க்கவில்லை. அதனால்தான் லொறி பத்திரமாக வந்து சேர்ந்தது.

சந்தியில் நின்று அவனிடம் கேட்டேன். கேட்பதற்குள் மூன்று முறை தொண்டையைச் செருமினேன். ஸ்டோர் வாசலிலிருந்து சந்திவரை அவன் லொறியில் தேயிலையை இறக்கித் தரவேண்டும். இங்கே புது லொறியில் மாற்றிக்கொண்டு போய்விடலாம்.

வாடகை என்ன என்றும் கேட்டேன். ஊரில் எல்லாருக்கும் வாங்குவதைத்தான் என்னிடமும் வாங்குவதாகச் சொன்னான். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. லொறியில் ஏறிக் கதவைச் சாத்தியவன், மறுபடி தலையை வெளியே நீட்டினான்.

"இன்னொன்னு. இந்த வருசம் தேருக்குப் பின்னால வாங்க."

விறகை இறக்கிப்போட்டு மூன்று நடை ஓடினான். அந்தத் தவளை லொறியை வாங்கியிருந்தால் ஒரே நடையாக ஸ்டோர் வாசலுக்கே போயிருக்கும். மத்தியானம் தொரை ஜீப்பில் சந்திக்கு வந்தார். லொறிக்கு லொறி மூட்டை மாறுவதைச் சற்றுநேரம் பார்த்தார். "தேத்தண்ணி நேரத்துக்குள்ள கொழும்புக்குப் போகுமா சுந்தரம்?" என்றார். "போகுங்க சேர்" என்றேன். போய்விட்டார். தேயிலையும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

ஒப்பந்தம் எனக்கே நின்றது. வளைவைப் பற்றித் தொரைக்கு அக்கறையில்லை, தேயிலை போய்ச் சேர்ந்தால் போதும். பிறகு வந்த இரண்டாவது புது லொறியையும் சந்தியிலேயே நிறுத்தி ஏற்றினோம். வாரத்தின் மற்ற நாட்களில் சிறிசேன தன் லொறியை எம்பிலிப்பிட்டியவுக்குக் கொண்டுபோய் வாழைக்குலை ஏற்றினார். நேரான பாதையில் ஹோர்ன் அடித்துக்கொண்டு போவதில் அவருக்குச் சந்தோசம். எட்டாம் நம்பர் வளைவுக்கு மேலே அந்த ஹோர்ன் சத்தம் ஒருநாளும் கேட்டதில்லை. அங்கே அந்தோனியின் லொறிதான் ஓடியது. என் தொழிலே அவன் லொறியில் ஏறி இறங்கித்தான் நடந்தது.

பின்பக்கம்

சித்திரையில் திருவிழா வந்தது. மாலையையும் பரிவட்டத்தையும் மச்சானுக்குக் கொடுத்துவிட்டேன். அவர் மறுக்கவில்லை. மைக்கில் பேச ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று மட்டும் கேட்டார். வழக்கமாக நான் பேசுகிற தாளை எடுத்துக் கொடுத்தேன், படித்துப் பார்க்காமலேயே.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தேருக்குப் பின்னால் போனேன். அங்கிருந்து பார்த்தால் அம்மாள் தெரியமாட்டாள். துருப்பிடித்த ஆணி, மைக்குக்குக் கரண்ட் தருகிற ஜெனரேட்டர், அது கக்குகிற புகை, பலகை இடுக்கில் ஒழுகுகிற இளநீர் மட்டும்தான் தெரியும். என்னைப் பார்த்ததும் நாலைந்து பேர் பேச்சை நிறுத்தினார்கள். வழிதவறி வந்துவிட்டேன் என்று நினைத்திருப்பார்கள். கீழ்க் கிராமத்துச் சிங்களப் பையன்கள் பத்துப்பேர் இருந்தார்கள். சிறிசேனவும் வந்திருந்தார். வருடா வருடம் யார் யார் தூக்கினார்கள் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

எட்டாம் நம்பரில் தேர் நின்றது. மேளமும் கூட்டமும் பாறையைச் சுற்றி அந்தப் பக்கம் போய்விட்டன. தேருக்கு அடியில் குறுக்காக இரண்டு கித்துள் மரக் கட்டைகளை நுழைத்தார்கள். அந்தோனி என்னைக் கட்டையின் ஓரத்தில், தனக்குப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டான்.

எல்லாரும் தோளைக் கொடுத்தார்கள். நான் மட்டும் கட்டையில் கையை வைத்துக்கொண்டு, படம் பிடிக்க நிற்பவன்போல் விறைப்பாக நின்றேன். இருபது வருடமாக நிமிர்ந்தே நடந்த உடம்பு.

அந்தோனி என் பக்கம் திரும்பினான். "சுந்தரம், குனி."

அந்தப் பேரை அவன் வாயால் கேட்டு எத்தனையோ வருடமாகியிருந்தது. குனிந்தேன். கட்டை தோளில் ஏறியது. நாற்பது பேர் மூச்சும் ஒன்றாகப் போனது. கண் இருட்டியது, முதுகில் ஏதோ சொடுக்கியது, வேட்டி அவிழ்ந்துவிடுமோ என்று வேறு பயம். முதல் தூக்கு. கீழே வைத்து மூச்சு வாங்கினோம். இரண்டாவது தூக்கு. தோல் உரிந்து எரிந்தது. அந்த எரிச்சலோடு எனக்கு அழுகையும் வந்தது, சந்தோசத்தில்தான்.

மூன்றாவது தூக்குக்குக் குனிந்திருந்தபோது, பாறைக்கு அந்தப் பக்கத்திலிருந்து மச்சானின் குரல் மைக்கில் கணீரென்று கேட்டது. மலையேறி வந்த அம்மாள் இந்த இடத்தில் சற்று இளைப்பாறுகிறாள் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

கட்டைக்கு அடியில் நாற்பது பேரும் சிரித்தார்கள். நாற்பத்தோராவது ஆளாக நானும் சிரித்தேன்.